என் கட்டுரைக்கு அரைப்பேர்

எழுதினால் காசு தருகிறார்கள் என்ற சேதி எங்கள் டிக்கோயாப் பக்கத்துக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. நெட் ஸ்கொட், டான் லரிமர் என்ற இருவர் 2016இல் ஸ்டீமிட் என்ற தளத்தைத் தொடங்கி, அதே ஆண்டு ஜூலை 4ஆம் திகதி முதல் கொடுப்பனவையும் கொடுத்துவிட்டார்கள். எனக்குத் தெரியவந்தது 2022இல். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. காஸ் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பால்மா இல்லை. அந்த இருட்டில் அக்கா மகன் வந்து, "மாமா, எழுதுனா டொலர்ல குடுக்குறாங்களாம்" என்றான்.

அதுவரை எழுத்தால் எனக்குச் செலவு மட்டுமே. ஞாயிறு பத்திரிகையில் என் கட்டுரை வந்தால், ஹட்டன் டவுனுக்குப் போய் நாலு பிரதியைக் காசு கொடுத்து வாங்குகிற ஒரே வாசகன் நான்தான்.

முதல் வேலை, அறிமுகப் பதிவு. பெயரையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு படம் எடுத்துப் போட வேண்டும். ஆள் நிஜம்தானா என்று பார்க்கிறார்களாம். இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்த அக்கா, "எந்த ஸ்டேஷன்ல தம்பி புடிச்சாங்க?" என்று கேட்டாள்.

அடுத்து கட்டுரை. 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்ததையும், அந்த இடத்தில் தேயிலை ஏறியதையும், இரண்டுக்கும் எங்கள் மலையக ஆட்களே கூடை சுமந்ததையும் உருக்கமாக எழுதினேன். அங்கே ஏழு நாள் கணக்கு. ஏழாம் நாள் கொடுப்பனவு. அதற்குப் பிறகு ஊரே திரண்டு வந்து புகழ்ந்தாலும் அந்தப் பதிவுக்குச் சல்லி வராது. ஏழாம் நாள் என் கட்டுரைக்கு நேரே 0.01 டொலர் என்று காட்டியது. அதையும் தரவில்லை. 0.02க்குக் கீழே இருந்தால் தூசி என்று தள்ளிவிடுவது அங்கே விதி. தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் ஏசிவிட்டாவது அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவார்கள்.

அதே வாரம் மருமகன் எழுதியது இது: காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பல் விளக்கினேன். ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டேன். மழை பெய்தது. தூங்கினேன். கூடவே ஆறு படங்கள், அதில் இரண்டு ரொட்டி. நாலு டொலர் சொச்சம் வந்தது. 2020இல் ஸ்டீமிட்காரர்களே 'டயரி கேம்' என்று ஒன்றைக் கொண்டுவந்து, அன்றாடம் நடந்ததை எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து உலகத்தின் பல மூலைகளிலும் ஆட்கள் டொலருக்காகப் பல் விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். மருமகன் விளக்கினானா என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

"கோப்பியப் பத்தி எழுதி என்ன பிரயோசனம் மாமா? யாரு வோட்டுப் போடுவா?" என்று கேட்டு அவன் எனக்குப் பாடம் நடத்தினான். அந்தத் தளத்தில் ஒரு பதிவுக்கு ஆளுக்கொரு வாக்குதான், ஆனால் கனம் வேறு வேறு. ஸ்டீம் பவர் என்ற பங்கு யாரிடம் எவ்வளவு இருக்கிறதோ, அவர் வாக்குக்கு அவ்வளவு எடை. நிறைய வைத்திருப்பவருக்குத் திமிங்கிலம் என்று பெயர். அதற்குக் கீழே டொல்பின், அதற்கும் கீழே பொடிமீன், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரி. கடல்மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு நான் மிதவை உயிரியானது இப்படித்தான். என்னைப் போல ஆயிரம் பேர் திரண்டு வாக்களித்தாலும் ஒரு சதம் தேறாது; ஒரு திமிங்கிலம் தூக்கக் கலக்கத்தில் விரலைத் தவறவிட்டால் இருபது டொலர்.

வாக்களிப்பவர் சும்மாவும் வாக்களிப்பதில்லை. பதிவுக்கு வரும் தொகையில் முன்பு எழுதியவருக்கு 75 வீதம், வாக்களித்தவர்களுக்கு 25. 2019 ஓகஸ்டில் அதைப் பாதிக்குப் பாதி ஆக்கினார்கள். கேட்டவுடன் எனக்குத் தெளிவாகிவிட்டது. அந்தக் காலத்தில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வந்த ஒவ்வொரு தலைக்கும் இத்தனை சதம் என்று பெரிய கங்காணிக்குத் துரை தனியாகக் கொடுப்பார். கங்காணி கவ்வாத்துக் கத்தியைத் தொட வேண்டியதில்லை, கொழுந்து கிள்ள வேண்டியதில்லை. ஆள் வந்தால் காசு. இங்கே நான் கிள்ளுகிறேன், அவர் ஒரு பொத்தானை அமுக்குகிறார், ஆளுக்குப் பாதி.

சில்லறைக் கங்காணிகளும் உண்டு. முழு வாக்கு ஒன்று போட்டால் வாக்குப் பலத்தில் 2 வீதம் குறையும். நாளொன்றுக்கு 20 வீதம் திரும்ப ஊறும். ஆகவே தினம் பத்து முழு வாக்குதான். பத்தே பத்து வாக்கை யாருக்குப் போடுவது என்று ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து யோசிப்பாரா? யோசிக்கிற வேலையை இயந்திரத்திடம் விட்டார்கள்; அதுதான் சில்லறைக் கங்காணி. 2017, 18 காலத்தில் ஏல இயந்திரங்களே இருந்தன. காசைக் கட்டினால் காசுக்கேற்ற கனத்தில் வாக்கு விழும். பதிவு முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கத்தில் இருப்பதால் நல்ல பதிவு என்று நாலு பேர் நம்புவார்கள். தளத்தின் நாணயமான ஸ்டீம் 2018 ஜனவரியில் 8 டொலரைத் தொட்டிருந்த நேரம் அது. பல் விளக்கியவர்கள் தங்கப்பல்லே கட்டியிருக்கலாம்.

இதில் நேரமும் பார்க்க வேண்டும். பதிவு போட்ட ஐந்து நிமிடத்துக்குள் வாக்களித்தால் வாக்காளரின் பங்கில் கழிவு உண்டு. பிந்திப் போட்டாலோ முந்தியவர்களுக்குப் போக மிச்சம்தான். ஆகவே கெட்டிக்காரர்கள் சரியாக ஐந்தாவது நிமிடத்தில் போடுகிறார்கள். என் கோப்பிக் கட்டுரையை வாசிக்கவே பத்து நிமிடம் வேண்டும். அதாவது அதை வாசித்துவிட்டு வாக்களிக்கிற ரசிகர், ரசித்த குற்றத்துக்காக ஐந்து நிமிட நட்டத்தை ஏற்கிறார். வாசிக்காமலே "அருமையான பதிவு சகோ" என்று நாலாவது விநாடியில் எழுதிவிட்டுப் போனவரின் வியாபார அறிவை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

இலங்கையில் 1931க்கு முன்னால் சொத்தும் படிப்பும் இருந்தவர்களுக்குத்தான் வாக்கு. டொனமூர் ஆணைக்குழு வந்து சர்வசன வாக்குரிமை வாங்கித் தந்தது. அந்த 1931க்கு முந்திய காலத்துக்கு ஸ்டீமிட் என்னைத் திரும்பக் கொண்டுபோய் விட்டது. ஒரு சலுகை உண்டு: படிப்பைக் கேட்பதில்லை.

வாக்கு விஷயத்தில் எங்கள் ஆட்களுக்குக் கொஞ்சம் அனுபவம் அதிகம். 1947இல் எங்கள் தாத்தாமார் வாக்குப் போட்டு இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம், அதற்கடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம். அத்தோடு வாக்கும் போயிற்று. ஆகவே 2020இல் ஸ்டீமில் நடந்த கூத்தை மருமகன் சொன்னபோது எனக்கு வியப்பு வரவில்லை. ட்ரொன் நிறுவனத்தின் ஜஸ்டின் சன் பெப்ரவரியில் ஸ்டீமிட் நிறுவனத்தை வாங்கினார். தளத்தை நடத்த வாக்கால் தெரிவாகும் 'சாட்சிகள்' பயந்துபோய், அவர் கைக்கு வந்த பெரும் பங்கை முடக்கி வைத்தார்கள். மார்ச் 2ஆம் திகதி பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய நாணயச் சந்தைகள், வாடிக்கையாளர்கள் தங்களிடம் வைத்திருந்த ஸ்டீமைக் கொண்டே வாக்களித்துச் சாட்சிகளைத் தூக்கிவிட்டன. செத்தவர் பெயரில் வாக்குப் போட்ட கதை எந்த ஊரிலும் உண்டு. உயிரோடு இருப்பவர் நம்பிக் கொடுத்து வைத்த காசை வைத்து வாக்குப் போட்டது புதுசு. கோபித்துக்கொண்டவர்கள் மார்ச் 20இல் பிரிந்துபோய் 'ஹைவ்' என்று தனித் தோட்டம் போட்டார்கள். அங்கேயும் பங்குக்கேற்ற கனம்தான்.

கீழ்நோக்கியும் வாக்களிக்கலாம் என்பதைச் சொல்ல விட்டுவிட்டேன். யாருடைய பதிவு பிடிக்கவில்லையோ, அதன் காசைக் குறைத்துவிடலாம். இதை நியாயப்படுத்த ஸ்டீமின் வெள்ளை அறிக்கையிலேயே வாளிக்குள் கிடக்கும் நண்டுகளின் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்று ஏறினால் மற்றது காலைப் பிடித்து இழுக்குமே, அதே கதை. நம்மூர் மேடைகளில் அதை நம்மவரைத் திட்டச் சொல்வார்கள்; அவர்கள் அதையே தளத்தின் ஏற்பாடாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டு நான் எழுதிய எதுவும் ஏறவில்லை. ஏறியது அக்காவின் கைதான். ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போனவளின் கையை மருமகன் படம் பிடித்தான்: கறை ஏறிய விரல்கள், அட்டை கடித்த தடம், நடுவில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். கீழே ஆங்கிலத்தில் ஒரே வரி. எங்கிருந்தோ வந்த ஒரு திமிங்கிலம் வாக்கை அழுத்தியது. 12 டொலர்.

அக்காவுக்கு அன்றைக்குப் பொழுதே போதவில்லை. ஏழாம் நாள் மருமகன் கணக்குச் சொல்ல உட்கார்ந்தான்.

"பன்னெண்டுல ஆறு நமக்கும்மா."

"மத்த ஆறு?"

"வோட்டுப் போட்டவங்களுக்கு."

"கை என்னோடதுடா. சரி, ஆறக் குடு."

"மூணுதான் காசு. மிச்ச மூணு பவரா நிக்கும். எடுக்கணும்னா நாலு வாரத் தவணை."

தொடக்கத்தில் அது 104 வாரமாக இருந்ததையும், கடனைத் தீர்க்காமல் தோட்டத்தை விட்டு அசைய முடியாதபடி வைத்திருந்த துண்டு முறையை வெள்ளைக்காரனே 1921இல் ஒழித்துவிட்டதையும் நான் இடையில் சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அக்கா விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஈ.பி.எஃப். மாதிரிப் புடிச்சு வைக்கிறாங்க, அப்படித்தானே?"

"அப்படின்னு வச்சுக்குங்க."

"யூனியன் சந்தா எவ்வளவு வெட்டுனாங்க?"

மருமகன் போனை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்தான். "அது இன்னும் வரலம்மா" என்றான்.