தாத்தாவின் ரேஸருக்குப் பிறந்தநாள் உண்டு

(பழைய சேஃப்டி ரேஸர்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த வாரம் முழுப் பக்கமும்.)

கேள்வி: தபால்தலை சேர்ப்பார்கள், நாணயம் சேர்ப்பார்கள். ரேஸரைப் போய் யாராவது சேர்ப்பார்களா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: விக்டோரியா ராணி காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் காபித்தூள் கிடைக்காது. 1904-ல் செய்த ஜில்லெட் ரேஸரில், இன்று பெட்டிக்கடையில் வாங்கிய பிளேடை மாட்டி, சவரம் செய்துகொண்டு ஆபீஸ் போகலாம். அந்தப் பிளேடின் அகல நீளம் அன்று வகுத்தபடியே இன்றும் இருக்கிறது. சலூனில் பாதியாக ஒடித்துக் கத்தியில் செருகுகிறார்களே, அதுவும் இதே பிளேடுதான். இத்தனை காலம் உழைத்தும் ஓய்வு பெறாத பொருளைச் சேர்க்காமல் வேறு எதைச் சேர்ப்பது?

கேள்வி: சேஃப்டி ரேஸரைக் கண்டுபிடித்தவர் ஜில்லெட் தானே? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: 'சேஃப்டி' அவருக்கு முன்பே வந்துவிட்டது. ழான் ஜாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்தித் தொழிலாளி 18-ஆம் நூற்றாண்டிலேயே சவரக் கத்திக்கு மரக் காப்பு மாட்டினார். 1880-ல் நியூயார்க்கின் காம்ப்ஃபே சகோதரர்கள் பாதுகாப்பான ரேஸருக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஆனால் அதன் கத்தி தடிமனானது. சாணை பிடிக்க வேண்டும், தோல்வாரில் தீட்ட வேண்டும்.

கிங் கேம்ப் ஜில்லெட் ஒழித்தது அந்தத் தீட்டும் வேலையை. அவர் ஊர் ஊராகப் போய்ப் பொருள் விற்ற விற்பனையாளர். சோடா பாட்டிலின் தகர மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டரிடம் வேலை பார்த்தார். ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடும் பொருளாக ஒன்றைக் கண்டுபிடி, வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவார் என்று யோசனை சொன்னவர் பெயின்டர். 1895-ல் ஒரு காலை, மழுங்கிய கத்தியோடு நின்றபோது, தீட்டாமல் தூக்கிப்போடும் மெல்லிய பிளேடு என்ற எண்ணம் ஜில்லெட்டுக்குப் பளிச்சிட்டது.

எண்ணம் வந்ததே தவிர, பிளேடு வரவில்லை. தகடு அவ்வளவு மெல்லியதாக இருந்தால் அதைப் பதப்படுத்திக் கூர் ஏற்ற முடியாது என்று உலோகம் அறிந்தவர்கள் கைவிரித்தார்கள். முடியும் என்று இயந்திரம் அமைத்துக் காட்டியவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். நியாயமாகப் பார்த்தால் பாதிப் புகழ் அவருக்குச் சேர வேண்டும். விற்பனை தொடங்கிய 1903-ல் போனவை 51 ரேஸர், 168 பிளேடு. அடுத்த ஆண்டே ரேஸர் விற்பனை 90,000-ஐத் தாண்டிவிட்டது.

கேள்வி: விரலால் வளைகிற பிளேடு முகத்தில் மட்டும் எப்படி ஆடாமல் நிற்கிறது? (நெய்வேலி வாசகர்)

பதில்: ஒரு தாளை ஓரத்தில் பிடித்து நீட்டினால் தொங்கும். சற்றே வளைத்துப் பிடியுங்கள், விறைத்து நிற்கும். கைப்பிடியைத் திருகும்போது மேல்மூடி பிளேடை அழுத்தி வில்லாக வளைக்கிறது. வளைந்த தகடு விறைக்கிறது, கூர் மட்டும் மயிரிழை அளவு வெளியே எட்டிப் பார்க்கிறது. மூன்றே துண்டுகள், ஒரு திருகு. நான் பார்த்த வடிவமைப்புகளில் இதைவிடச் சிக்கனமானது குறைவு.

கேள்வி: ரேஸரை மலிவாகக் கொடுத்துப் பிளேடில் சம்பாதித்தவர் ஜில்லெட் என்று எம்.பி.ஏ. வகுப்பில் சொன்னார்கள். சரிதானே? (கோவை வாசகர்)

பதில்: தவறு. காப்புரிமை கையில் இருந்தவரை ஜில்லெட் ரேஸரின் விலை 5 டாலர். அந்தக் காலத் தொழிலாளிக்கு அது வாரக் கூலியில் பெரும்பங்கு. முதல் உலகப் போரில் அமெரிக்க அரசு வீரர்களுக்காக 35 லட்சம் ரேஸர்களை வாங்கியது. வீடு திரும்பியவர்கள் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1904-ல் கிடைத்த காப்புரிமை 1921-ல் முடிந்தது. போட்டியாளர்கள் வாசலில் நிற்க, ஜில்லெட் நிறுவனத்தார் 5 டாலருக்குப் புதிய மாதிரி ஒன்றை இறக்கி, பழைய மாதிரியை ஒரு டாலருக்குத் தள்ளிவிட்டார்கள். மலிவு ரேஸர் வந்ததே காப்புரிமை போன பிறகுதான். அடுத்த வகுப்பில் எழுந்து சொல்லுங்கள்.

கேள்வி: உலகத்துக்கே சவரம் செய்யக் கற்றுக்கொடுத்தவர் மீசை வைத்திருந்தாராமே? (தேனி வாசகர்)

பதில்: ஆமாம், அடர்த்தியான மீசை. பிளேடு உறையில் அச்சான அவர் படம் மீசையோடுதான் ஊர் உலகமெல்லாம் சுற்றியது. அதைவிட வியப்பு, 1894-ல் அவர் எழுதிய புத்தகம். தொழில் போட்டியே கூடாது, எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் செய்யட்டும், நயாகரா அருவி அருகே ஒரே பெருநகரில் எல்லோரும் வாழலாம் என்று அதில் கனவு கண்டார். பணம் குவிந்த பிறகும் அந்தக் கனவை விடவில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கேள்வி: தாத்தாவின் ஜில்லெட் ரேஸர் தலைக்கு அடியில் 'டி 4' என்று இருக்கிறது. விலை எண்ணா? (காரைக்குடி வாசகர்)

பதில்: பிறந்தநாள்! 1951 முதல் அமெரிக்காவில் செய்த ஜில்லெட் ரேஸர்களில் எழுத்து ஆண்டையும், எண் காலாண்டையும் குறிக்கும். 'ஏ' என்றால் 1955, 'டி' என்றால் 1958. உங்களுடையது 1958-ன் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தது. அதன் கழுத்தில் 1 முதல் 9 வரை எண் போட்ட வளையம் இருந்தால், கொடுத்து வைத்தவர் நீங்கள். பிளேடின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் அந்த மாதிரியின் பெயர் '195', விற்ற விலை 1.95 டாலர். சேகரிப்பவர்கள் அதைச் செல்லமாக 'ஃபேட்பாய்' என்பார்கள். பிறந்த ஆண்டில் செய்த ரேஸரைத் தேடிப் பிடிப்பது இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சந்தோஷம். 1958-ல் பிறந்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவர் கையில் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஓர் உலோகப் பெட்டி. இரண்டு பக்கமும் திறக்கிறது. ஒரு மூடியில் கல், மறு மூடியில் தோல். என்ன அது? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: இங்கிலாந்தின் 'ரோல்ஸ் ரேஸர்'. கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் கத்தி புரண்டு புரண்டு தீட்டப்படும். பிளேடு வாங்கும் செலவே வேண்டாம் என்பவர்களுக்காக வந்தது. லண்டன் கிரிக்கிள்வுட்டில் இருந்த அந்த நிறுவனம் பிறகு ஜான் புளூம் என்பவர் கைக்கு மாறி, வாஷிங் மெஷின் விற்று, 1964-ல் விழுந்தது. கல் உடையாமல் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: பெண்களுக்கு? (சேலம் வாசகி)

பதில்: 1915-ல் 'மிலேடி டெகோலெடே' என்று தங்க முலாம் பூசிய குட்டி ரேஸரை ஜில்லெட் கொண்டுவந்தது. நல்ல பெட்டியோடு கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: கறுத்துப்போன ரேஸரைப் புளி போட்டுத் தேய்க்கலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: கூடவே கூடாது! புளி பித்தளைக் குடத்துக்கு. ரேஸரின் உள்ளே பித்தளைதான், ஆனால் மேலே இருப்பது மெல்லிய நிக்கல், வெள்ளி அல்லது தங்க முலாம். தேங்காய் நாரும் பாலிஷும் அதைச் சுரண்டிவிடும், விபூதியும் விட்டுவைக்காது. போன முலாம் திரும்பாது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய டூத் பிரஷ் போதும். ஐம்பது வருஷத்துச் சோப்புக் கறை ஊறினால் தானே விடும்.

கேள்வி: முதல் ரேஸராக எதை வாங்கலாம்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ஜில்லெட் 'டெக்'. 1938-ல் வந்தது, மூன்றே துண்டு, கெட்டுப்போக ஒன்றுமில்லை, கன்னத்திடமும் சாதுவாக நடந்துகொள்ளும். தங்க முலாமைப் பார்த்து மயங்கி முதலிலேயே பெரிய விலை கொடுக்க வேண்டாம். கைப்பிடியின் கழுத்தில் கீறல் விட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சீப்புப் பல் உள்ள மாதிரியானால் பற்கள் வளையாமல் இருக்க வேண்டும். பையில் ஒரு புதுப் பிளேடு கொண்டுபோய், மாட்டித் திருகி, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.