கெண்டல் இலையும் கட்டுமாவடி வாயும்

கட்டுமாவடியில் பைப் குடிப்பவர் யாரும் கிடையாது. ஒழுக்கம் காரணமல்ல, காற்றுதான் காரணம். பாக் விரிகுடாவிலிருந்து அடிக்கிற காற்றில் பீடி பற்றவைப்பதே ஒரு வித்தை. கடலுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் குவித்து, தலையைச் சட்டைக்குள் நுழைத்துத்தான் தீக்குச்சி கிழிக்க வேண்டும். இந்த ஊரில் போய் ஒரு மரக்கிண்ணத்தில் இலையைத் திணித்து, ஆற அமரப் பற்றவைத்து, யோசனையோடு புகை விடுவதென்றால் அதற்கு முதலில் நான்கு பக்கமும் சுவர் எழுப்ப வேண்டும். பைப் நமக்கு சினிமாவில் பார்த்த சாமான். பெரிய பங்களா, வளைந்த மாடிப்படி, பட்டு அங்கி, பைப். மகளின் காதலை எதிர்க்க ஒரு பணக்கார அப்பாவுக்கு இந்த நான்கும் கட்டாயம் வேண்டியிருந்தது.

என் மச்சான் சரக்குக் கப்பலில் என்ஜினீயர். துறைமுகத்துக்குத் துறைமுகம் ஏதாவது வாங்குவான், லீவில் வரும்போது அதில் யாருக்கும் உதவாததை எனக்குத் தருவான். போன தடவை தந்தது ஒரு தட்டையான தகர டப்பாவும் ஒரு பைப்பும். டப்பாவுக்குள் காகிதம் விரித்து, கருப்பும் பழுப்புமாக நீளத் துண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கருவாடு இது? வாடையே இல்லையே" என்றாள். மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் அப்படித்தான் தோன்றும். சீலாக் கருவாட்டைச் சீவி வைத்த மாதிரிதான் இருந்தது.

அது அழுத்திய புகையிலை. இங்கிலாந்தின் வடக்கே கெண்டல் என்ற சிறு ஊரில் 1792 முதல் புகையிலைத் தொழில் நடக்கிறது. மூக்குப்பொடிக்கும் அதே ஊர்தான் பேர்போனது. நடுநரம்பை உரித்தெடுத்த இலைகளுக்கு ஈரம் காட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரும்பு அச்சில் வைத்துப் பல டன் எடையில் நெரிப்பார்கள். கூடவே சூடும் காட்டுவார்கள். இலையில் இருக்கிற சர்க்கரையும் எண்ணெயும் நெரிசலில் ஒன்றோடொன்று கலந்து, பச்சைக் காரம் அடங்கி, நிறம் கறுத்து, எல்லாம் சேர்ந்து ஒரே பலகையாகிவிடும். அந்தப் பலகையைத்தான் சீவல் சீவலாக அறுத்து டப்பாவில் போடுகிறார்கள். இதைத் தொடங்கி வைத்தவர்கள் கப்பல்காரர்கள் என்பார்கள். பாய்மரக் காலத்து மாலுமி தன் பங்குப் புகையிலையில் ரம்மைத் தெளித்து, உருளையாகச் சுருட்டி, கயிற்றால் இறுக்கி வரிந்து கட்டி வைத்துவிடுவான். சில வாரம் கழித்து அந்தக் கட்டிலிருந்து கத்தியால் ஒரு சீவு. பெட்டிக்கடையில் நம் ஆட்கள் கேட்டு வாங்கிய நேவி கட் சிகரெட்டுக்கு அந்தப் பெயர் வந்த வழி இதுதான். கப்பல்காரன் கண்டுபிடித்ததைக் கப்பல்காரனே என் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது பொருத்தம்.

டப்பாவோடு ஒரு குறிப்புச் சீட்டும் இருந்தது. அந்தப் புகையிலையில் என்னென்ன சுவை தெரியும் என்று அதில் எழுதியிருந்தார்கள்: உலர்ந்த அத்திப்பழம், ஆரஞ்சுத் தோல், புது வைக்கோல், லேசாகப் பழைய தோல் நாற்காலி. முதல் மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன். நாலாவதை எழுதியவர் எதை நக்கிப் பார்த்துவிட்டு எழுதினார் என்று தெரியவில்லை.

செய்முறையும் உண்டு. சீவலை மடித்து அப்படியே திணிக்கலாம், இல்லையென்றால் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உதிர்க்கலாம். ஈரம் போக ஆறவிட வேண்டும். முதல் நெருப்பு மேலாகக் கருக மட்டுமே. பிறகு ஒரு சின்ன இரும்புக் கட்டையால் மெதுவாக அமுக்கி, இரண்டாம் நெருப்பு. அதன்பின் இழுக்கக் கூடாது, உறிஞ்சவும் கூடாது, சும்மா மூச்சுவிடுகிற மாதிரி புகையை வாய்க்குள் கொண்டுவந்து, நெஞ்சுக்கு இறக்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மறைவில் உட்கார்ந்து எல்லாம் முறைப்படிதான் செய்தேன். அத்திப்பழம் வரவில்லை. அந்தப் பக்கமாகப் போன ஒருவர் கீழேயிருந்து, "சார், மாடியில ஏதோ வயர் கருகுது, மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று குரல் கொடுத்தார். அதுவும் ஒரு சுவைக் குறிப்புதானே.

இந்த நிலையில்தான் எனக்குச் சம்மாட்டி மாமா ஞாபகம் வந்தது.

சொந்தப் படகு, எழுபது தாண்டிய வயது, ஏலக்கூடத்தின் கிழக்குத் தூணுக்கு அடியில் நிரந்தர நாற்காலி. மீன் செவுளைத் தூக்கிப் பார்த்தே அது எத்தனை மணிக்கு வலையில் விழுந்தது என்று சொல்லுவார், வியாபாரிகள் அதை வைத்து விலை வைப்பார்கள். ஆனால் அவருடைய உண்மையான புலமை வெற்றிலைப் பெட்டியில் இருந்தது. அரை நூற்றாண்டாகப் போயிலை போட்ட வாய். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் அந்த வாயைத் திறக்கச் சொல்லி, கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டைக் காட்டி, இதோடு நிறுத்தாவிட்டால் அடுத்தது புற்றுதான் என்று சொன்னார். நிறுத்திவிட்டார். அதாவது, அத்தைக்குத் தெரிந்து நிறுத்திவிட்டார். இப்போது பெட்டியைத் திறப்பார், முகர்வார், பேசுவார், மூடுவார். சாப்பாட்டை டாக்டர் நிறுத்திய பிறகு சமையலைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறோம் அல்லவா, அந்த ஜாதி.

அவர் பேச உட்கார்ந்தால் வேதாரண்யத்தில் ஆரம்பிப்பார். வேதாரண்யம் என்றால் உலகத்துக்கு 1930-ஆம் ஆண்டின் உப்புச் சத்தியாக்கிரகம். மாமாவுக்குப் போயிலை. மணல் தோட்டம், அதில் தோண்டிய குட்டை, குட்டையிலிருந்து குடம் குடமாகச் செடிக்குச் செடி தண்ணீர். தண்ணீர் சப்பையாக இருந்தால் இலையும் சப்பை, கொஞ்சம் உப்புக் கரிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. தமிழ்நாட்டில் மெல்லும் புகையிலைக்கு உவர்க்கிணற்றுத் தண்ணீர்தான் உகந்தது என்பதை விவசாய விஞ்ஞானிகளே ஏற்றுக்கொள்கிறார்கள். பாடம் செய்து அம்பாரம் போட்டு, அடுக்கை அவ்வப்போது மேல்கீழாக மாற்றி வைக்க வைக்க, இலைமேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். பூத்த இலைக்குத்தான் விலை. இதில் வேடிக்கை, பைப்காரர்களும் பழைய டப்பாவை வருஷக்கணக்கில் பூட்டிவைத்து, திறக்கும்போது சீவல்மேல் வெள்ளைப் படிகம் மின்னினால் பிள்ளை பிறந்த மாதிரி ஊருக்கெல்லாம் சொல்லுகிறார்கள்.

விஞ்ஞானிகள் என்றதும் வேடசந்தூர் நினைவுக்கு வருகிறது. திண்டுக்கல் பக்கம் அங்கே மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. அவர்கள் வெளியிட்ட மெல்லும் புகையிலை ரகங்களின் பெயர்களைக் கேளுங்கள்: பாக்கியலட்சுமி, மீனாட்சி, அபிராமி. இதை நான் மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பிடின்னா இத்தன வருசமா நான் பண்ணுனது சாமி காரியம்" என்றார். "உங்க அத்தகிட்ட இதச் சொல்லு மாப்ள. நான் சொன்னா நம்ப மாட்டா."

அவருக்கு இன்னொரு பிரியம் யாழ்ப்பாணப் போயிலை. எதிர்க்கரைதானே. ஒல்லாந்தர் காலத்திலும் வெள்ளைக்காரன் காலத்திலும் யாழ்ப்பாணத்து இலை தோணி ஏறித் திருவிதாங்கூர் வரைக்கும் போய் விற்றது. தேங்காய் மட்டைப் புகை போட்டுப் பாடம் செய்த சரக்கு. அந்தப் புகை வாசம் மட்டும் தன் அப்பாவின் சட்டையில் அடிக்கும் என்பார் மாமா. அப்பா அதை எப்படி வாங்கினார், யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்ற விவரங்களில் மட்டும் அவர் ஞாபகசக்தி சட்டென்று மங்கிவிடும். எங்கள் கரையில் எல்லாக் குடும்பத்துக்கும் அப்படி ஒரு மறதி உண்டு.

டப்பாவை அவரிடம் கொண்டுபோனேன். ஏலம் முடிந்து, ஐஸ் பெட்டிகள் வேனில் ஏறி, நண்டு விற்கிறவர்கள் மட்டும் மீதி இருந்த நேரம். ஒரு சீவலை எடுத்தார். வெளிச்சத்துக்குக் காட்டினார். இரண்டு விரலுக்கு நடுவே வளைத்தார், அது உடையவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகராமல் கொஞ்சம் தள்ளியே பிடித்து, காற்று எடுத்துவந்து கொடுக்கட்டும் என்று காத்திருந்தார்.

"பதம் நல்லாருக்கு. ஈரம் ஒரு இழை தூக்கல். மாப்ள, இது வெயில்ல காஞ்ச இலை இல்ல."

"பின்ன?"

"வீட்டுக்குள்ள வச்சு அனல் காட்டிருக்கான். ஆனா புகை இலைமேல படல. எப்பிடிப் பண்ணுனான்?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வர்ஜீனியா இலையை அப்படித்தான் காய வைக்கிறார்கள். கொட்டகைக்குள் பெரிய குழாய்கள் ஓடும், நெருப்பும் புகையும் குழாயோடு போய்விடும், சூடு மட்டும் இலைக்குப் படும். ஷெர்லாக் ஹோம்ஸ் முதல் நாவலிலேயே, 1887-இல், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிச் சுருட்டு என்று சொன்னதற்காக உலகம் இன்னும் கைதட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு மனுஷன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சாம்பலாக்காமலேயே சொல்லுகிறார்.

ஒரு இடத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. இனிப்பு வாசம் இலையின் சொந்த இனிப்பு, அனலில் காய்வதால் சர்க்கரை இலையிலேயே தங்கிவிடுகிறது, மேலே எதையும் தடவுவதில்லை என்று சொன்னேன். மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தடவாம இனிக்குமா? கருப்பட்டிப் பாணி தடவியிருக்கான். ஓம் மச்சான்ட்ட மறச்சுட்டான்." கெண்டலில் கருப்பட்டி கிடைக்காது என்றேன். "கெடைக்காட்டி என்ன, அவன் ஊர்ல பனமரம் மாரி ஏதாச்சும் இருக்கும்" என்று முடித்துவிட்டார்.

பைப்பை நீட்டினேன். அதைத் தொடவே இல்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார். அத்தைக்குத் தெரிந்து நிறுத்தியவர் மடியில் வெற்றிலை எப்படி வந்தது என்று கேட்கவில்லை. குட்காவும் பான் மசாலாவும் பதப்படுத்திய மெல்லும் புகையிலையும் 2013 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கின்றன. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்துக்குத் தடை விதித்தது. தடை இருக்கிறதா இல்லையா என்று நான் செய்தித்தாளைப் பார்த்துக் குழம்பிக்கொண்டிருந்த அந்த மாதங்களிலும் மாமாவின் மடி ஒரே மாதிரி உப்பலாகத்தான் இருந்தது. வெற்றிலையைத் துடைத்து, காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைத் தீற்றி, களிப்பாக்குப் போட்டு, கெண்டல் சீவலில் நகக்கண் அளவு கிள்ளி உள்ளே வைத்து மடித்தார்.

"மாமா, அது புகைக்கிறது."

"வாய்க்குத்தான போகுது?"

"டாக்டர்…"

"இது ஆராய்ச்சி. வேடசந்தூர்ல பண்ணுனா சம்பளம் குடுக்குறான்."

கன்னத்தில் அதக்கிக்கொண்டு கண்ணை மூடினார். இந்தக் காட்சிக்குச் சரித்திரத்தில் முன்னுதாரணம் உண்டு. 1605-ஐ ஒட்டி, பீஜப்பூருக்குப் போய்த் திரும்பிய அசத் பேக் என்ற அதிகாரி ரத்தினம் பதித்த ஹூக்காவையும் புகையிலையையும் அக்பர் முன்னால் வைத்தார். அரண்மனை வைத்தியர் பதறினார், நம் நூல்களில் இல்லாத பொருளை அரசர் தொடுவதா என்று தடுத்தார். அக்பர் அசத் பேக்கின் மனசு நோகக் கூடாதென்று சில இழுப்பு மட்டும் இழுத்தார். பிறகு பழக்கமாக்கிக்கொள்ளவில்லை. சுற்றி நின்ற பிரபுக்கள்தான் ஆளுக்குக் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போய் அப்படியே ஒட்டிக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன்பு, 1604-இல், இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸ் புகையிலையைத் திட்டி ஒரு புத்தகமே எழுதினார். எழுதிய கையோடு இறக்குமதி வரியையும் பல மடங்கு ஏற்றினார். 1617-இல் ஜஹாங்கீர் தடையே போட்டுவிட்டார். இரண்டு அரசர்கள் சொல்லியும் கேட்காத விஷயம் அத்தை சொல்லியா கேட்கும் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அத்தையைக் குறைத்து எடை போட்டிருக்கக் கூடாது என்பது சாயங்காலம் தெரிந்தது.

கண்ணைத் திறந்தார். துப்பினார். நான் அத்திப்பழமும் ஆரஞ்சுத் தோலும் எழுதியிருந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆவலாகப் பார்த்தேன்.

"வாசம் இருக்கு மாப்ள. வீரம் இல்ல."

"அவ்வளவுதானா?"

"நல்ல போயிலைன்னா மொதல்ல தொண்டையில ஒரு கமறல் கமறும். அப்பறம் நெத்தியில ஒரு வேர்வை. புதுசாப் போடுறவனுக்கு ஒரு விக்கல். கடைசியாத்தான் கிறுகிறுப்பு. நாலும் வரிசையா வரணும். ஒண்ணு முன்னப்பின்ன வந்தா சரக்குல கோளாறு. இதுல நேரா அஞ்சாவதுக்குப் போயிட்டான்."

"அஞ்சாவது எது?"

"தூக்கம். இதப் போட்டுக்கிட்டு ராத்திரி வலை இழுக்க முடியாது. மத்தியானம் பெரிய மனுசங்க ஈசிச் சேர்ல படுத்துக்கிட்டுப் போட ஏத்தது."

கெண்டல்காரர்கள் இதைக் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். இருநூறு வருஷமாக அவர்கள் குறிவைத்ததே ஈசிச் சேரைத்தான். எனக்குத் தோன்றுவது, ருசி பார்க்கிற வித்தையில் இரண்டு வகை. அவர்கள் நாக்கில் பட்டதற்குப் பழக்கடையிலிருந்து பேர் கொண்டுவருகிறார்கள். மாமா, இலை உடம்பில் எந்த வழியாக எங்கே போகிறது என்று கூடவே நடந்து பார்க்கிறார். இரண்டாவதுதான் நேர்மை என்று என் கட்சி. பழைய தோல் நாற்காலியை நம்பி நான் ஏமாறமாட்டேன்.

இந்தக் கட்சி அன்று சாயங்காலம் வரைதான் நின்றது. மாமாவைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். வாயை நாலு தரம் கொப்புளித்து, தேங்காய்த் துண்டு மென்று, புளிப்பு மிட்டாய் ஒன்றும் போட்டிருந்தார். அத்தை வாசலில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். புகையிலைச் சீட்டைப் படித்தவர் இல்லை, படிக்கப்போகிறவரும் இல்லை. தலையைத் தூக்காமலே கேட்டார்கள்:

"எங்க போயிட்டு வாரீக? மேல புது வைக்கோல் வாடை வருது?"

நானும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை முறத்தைக் கீழே வைத்தார்கள். அதற்குப் பிறகு நடந்தது ருசியைப் பற்றியது அல்ல.

போன வாரம் மச்சான் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் பண்ணினான். நடந்ததைச் சொன்னதும் அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த தடவை சைப்ரஸ் பக்கம் விளைகிற லட்டாக்கியா கொண்டுவருவதாகவும், ஓக், பைன் மரக் கட்டைகளை எரித்துப் புகை போட்ட கருப்பு இலை அது என்றும், அதில் மாமா எதிர்பார்க்கிற காரம் இருக்கும் என்றும் சொன்னான். போனை அப்படியே மாமாவிடம் கொடுத்தேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் மாமா ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"வேணாம் தம்பி, அதெல்லாம் விட்டாச்சு. தலையில மாட்டுற டார்ச்சு இருக்கும்ல, தண்ணி புகாதது. அதுல ரெண்டு வாங்கியா. பேட்டரியோட."