பழைய பாட்டிலுக்கு என்ன விலை?

கேள்வி: பல்லாண்டுக்கு முந்தைய அமெரிக்க பர்பன் விஸ்கிக்கு நியாயமான விலையை எப்படிக் கணிப்பது? (வாசகர், பனமலை)

பதில்: விற்பவர் சொல்வது ஆசை, வாங்கியவர் கொடுத்ததே விலை. ஆகவே ஏலங்களில் அதே பாட்டில் அண்மையில் உண்மையில் எத்தனைக்குப் போனது என்பதையே பாருங்கள். அதில் ஏலக் கமிஷனையும் சேருங்கள். வயதை மட்டும் நம்பக் கூடாது. பர்பன் முதிர்வது உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாயில்தான். கண்ணாடிக்குள் போனபின் நாற்பது வருடம் கிடந்தாலும் அது முதிர்வதில்லை. உங்கள் ஊர்த் தாளகிரீசுவரர் கோயிலின் பல்லவ ஓவியத்தைப் போற்றுவது பழமைக்காக மட்டுமா? கைத்திறனுக்காகவும்தானே! மூடிமேல் ஒட்டிய வரிச்சீட்டு 1985-உடன் நின்றது. அது இருந்தால் காலத்தை ஊகிக்கலாம். மது கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், முத்திரை கிழிந்திருந்தால் விலையைக் குறையுங்கள்.

'மூடிய ஆலையின் சரக்கு இனி வராதே, அரிதுக்கு விலை இல்லையா?' எனலாம். உண்டு; ஆனால் அரிது என்பதோடு அதைத் தேடுவோரும் வேண்டும். 'இங்கே வரி கூடுதலாயிற்றே?' என்றால், 2025 பிப்ரவரியில் இந்தியா பர்பன் இறக்குமதி வரியை 150 சதவீதத்திலிருந்து 100 ஆகக் குறைத்தது. அது புதுச்சரக்கின் விலைக்கணக்கு. பழம்பாட்டிலின் தரத்துக்குச் சான்றல்ல. தமிழ்நாட்டில் உரிமமின்றி மது விற்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அப்படி வரும் பாட்டிலுக்கு நியாய விலையே கிடையாது.