மேதையும் டிராம் சீட்டும்

அதிபுத்திசாலிகளுக்குச் சந்தோஷம் கிடையாது என்பது, உலகத்திலுள்ள சாமானிய புத்திக்காரர்கள் அனைவரும் ஜாதி மத பேதமின்றி ஏகமனதாக ஏற்றுக்கொண்டிருக்கும் சித்தாந்தம். கடவுள் உண்டா இல்லையா என்பதில்கூட நமக்குள் தகராறு உண்டு, இதில் இல்லை. அடுத்த வீட்டுப் பையன் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தால், "கெட்டிக்காரன்தான்" என்று ஒப்புக்கொண்ட அதே மூச்சில், "ஆனால் பாவம், எலும்பும் தோலுமாகப் போய்விட்டான், இந்த வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி" என்றும் சேர்த்துச் சொன்னால்தான் நமக்கு இராச் சாப்பாடு ஜீரணமாகிறது. பரீட்சைகளில் எப்போதும் நடுத்தரமான மார்க்குகளே வாங்கி வந்த எனக்கு, இந்தச் சித்தாந்தத்தின்மீது பிதிரார்ஜித நிலத்தின்மீது உள்ளதைப் போன்ற பற்று உண்டு.

அந்த நிலத்தில் வில்லங்கம் கிளப்பியவர் லூயிஸ் டெர்மன் என்ற அமெரிக்க மனோதத்துவ சாஸ்திரி. ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஆசிரியராக இருந்த இவர், 1921இல் தொடங்கி, கலிபோர்னியாப் பள்ளிக்கூடங்களைச் சல்லடை போட்டுச் சலித்து, சராசரி மனிதனுக்கு 100 என்று வைத்த புத்தியளவில் பெரும்பாலும் 135க்கு மேல் எட்டிய 1,500க்கும் அதிகமான குழந்தைகளைத் திரட்டினார். திரட்டியதோடு விட்டாரா? அவர்கள் வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெறும்வரையில் விடாமல் கடிதம் எழுதி க்ஷேமலாபம் விசாரித்தார். இவ்வளவு சிரமப்பட்டவர் கடைசியில் நமக்கு அனுகூலமாக ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடத் தேகபுஷ்டியுள்ளவர்கள், சற்று உயரமானவர்கள், சகபாடிகளோடு சுமுகமாகப் பழகுகிறவர்கள் என்று எழுதிவைத்துவிட்டார்! எலும்பும் இல்லை, தோலும் இல்லை. அவருடைய சோதனையில் தேறாமல் திருப்பி அனுப்பப்பட்ட பையன்களில் இருவர், ஷாக்லி 1956லும் அல்வாரெஸ் 1968லும், நோபல் பரிசு பெற்றார்கள் என்பதும், தேறிய ஆயிரத்தைந்நூறு பேரில் ஒருவருக்கும் அது கிட்டவில்லை என்பதும்தான் இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த சிறு நஷ்டஈடு.

பிறகு ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் போய்ச் சேர்ந்தேன். மூன்று வயதில் கிரேக்கமும் எட்டு வயதில் லத்தீனும் தகப்பனாரால் புகட்டப்பெற்ற இந்த ஆங்கிலேயர், 1826ஆம் ஆண்டில், இருபதாவது வயதில், தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால் தமக்கு ஆனந்தம் உண்டாகுமா என்று தம்மையே கேட்டுக்கொண்டு, உண்டாகாது என்று உள்ளத்திலிருந்து பதில் வரவே, மாதக்கணக்கில் மனமொடிந்து கிடந்தார். இந்த இடத்தை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட திருப்தியை விவரிப்பது சபைக்கு உகந்ததன்று. ஆனால் மனிதர் குணமாகிவிட்டார். அதுவும் எப்படி? மார்மோந்தேல் என்ற பிரெஞ்சுக்காரரின் சுயசரிதத்தில், அவருடைய தகப்பனார் இறந்துபோகும் கட்டத்தைப் படித்துக் கண்ணீர் விட்டாராம். அன்றுமுதல் பாரம் குறையத் தொடங்கியதாம். மூன்று வயதில் கிரேக்கம் படிக்க நேர்ந்த பிள்ளைக்கு எந்தக் கட்டம் ஆறுதல் தரும் என்பதை விளக்க மனோதத்துவ சாஸ்திரி வேண்டியதில்லை.

ஆக, என் கட்சிக்கு மிஞ்சிய ஒரே சாட்சி வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ். 1898இல் நியூயார்க்கில், போரிஸ் சைடிஸ் என்ற மனோதத்துவ நிபுணருக்குப் பிறந்து, 1909இல், பதினொன்றாவது வயதில், ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்து, அடுத்த ஜனவரியிலேயே அங்கிருந்த கணித வித்வான்களுக்கு நான்கு பரிமாணங்களைப் பற்றிப் பிரசங்கம் செய்த இந்தப் பாலகன், பெரிய கணித மேதையாவான் என்று பத்திரிகைகள் ஆரூடம் கூறின. பாலகன் பெரியவனாகி, ஆபீசுகளில் கணக்கு யந்திரத்தைத் தட்டும் சொற்பச் சம்பள குமாஸ்தாவாக ஊர் ஊராக ஒளிந்து வாழ்ந்தான். இன்னார் என்று தெரிந்துவிட்டால் மறுநாள் அந்த வேலையில் இருப்பதில்லை. "பார்த்தீர்களா!" என்று நாம் துள்ளிக் குதிக்க வேண்டிய இடம் இது. நானும் குதித்தேன்; ஆனால் மேலே படித்தால் சங்கதி வேறாக இருக்கிறது.

சைடிஸுக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. ஒரு டிராம் வண்டியிலிருந்து இறங்கி மறு வண்டியில் ஏறுகிறவர்களுக்குக் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கும் மாற்றுச் சீட்டுகளைச் சேகரிப்பது. சேகரித்து, அவற்றின் நிறம், வடிவம், நேரக்குறி, செல்லுபடியாகும் தடம் முதலிய லட்சணங்களை ஆராய்ந்து, 1926இல் பிராங்க் பொலூபா என்ற புனைபெயரில் பெரிய புத்தகமே வெளியிட்டார். நான்காவது பரிமாணத்தை அளந்த மூளை இதற்காகவா என்று உலகம் தலையில் அடித்துக்கொண்டது. எனக்கோ, பிறர் வீசியெறிந்த சீட்டைக் குனிந்து பொறுக்கிக்கொண்டு, கூலிக்கும் புகழுக்கும் அல்லாமல் அதைப் பற்றி நூல் எழுதியவனைத் துக்கப்பிராணி என்று சொல்ல நா எழவில்லை. அவருக்குத் துக்கம் வந்தது 1937இல், 'நியூ யார்க்கர்' பத்திரிகை அவருடைய ஒண்டிக்குடித்தன அறையைத் தேடிக் கண்டுபிடித்து, உலகத்துக்கு வேடிக்கை காட்டியபோதுதான். வழக்குத் தொடர்ந்தார். ஒரு காலத்தில் பிரசித்தி பெற்றவரின் பிற்கால வாழ்க்கையை அறிய ஜனங்களுக்கு அக்கறை இருப்பது நியாயமே என்று 1940இல் நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். 1944இல், 46 வயதில், மூளையில் இரத்தநாளம் வெடித்துக் காலமானார். நீதிபதிகள் குறிப்பிட்ட அந்த ஜனங்கள் யார்? என்னையும் என் எதிர் வீட்டுக்காரரையும் போன்றவர்கள்தாம். மேதைகள் இதையெல்லாம் வாங்கிப் படிப்பதாகத் தெரியவில்லை.

இந்த வரலாற்றை, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையைப் பெற்றுவிட்டு அவனுக்கு இரண்டாவது டியூஷனும் ஏற்பாடு செய்துகொண்டிருந்த என் மைத்துனரிடம், நல்ல எண்ணத்தோடுதான், ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றபடி வெகு கவனமாகக் கேட்டார். இடையில் ஒருமுறைகூடக் குறுக்கிடவில்லை. முடிந்ததும், வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்க மாப்பிள்ளை," என்றார், "நம்ம மெட்ராஸிலேதான் 1953லேயே டிராமை நிறுத்திட்டாங்களே."