மேஸ்திரி இல்லாத வேலை

நூல் மில்லில் ரிங் ஃப்ரேம் சைடு பார்க்கிறவர் ஒரு ஷிப்டில் நடக்கிற நடையை ரோட்டில் நடந்தால், பள்ளிபாளையத்தில் கிளம்பித் திருச்செங்கோட்டுக்குப் பாதி வழியாவது போய்விடலாம். நாங்களும் நடந்தோம். ஃப்ரேமின் இந்த முனையிலிருந்து அந்த முனை, அங்கிருந்து மறுபடி இந்த முனை. எங்கே நூல் அறுந்திருக்கிறது என்று பார்த்து ஒட்டுவது, திரும்ப நடப்பது. சங்கு ஊதும்போது பார்த்தால் கிளம்பிய இடத்திலேயே நின்றுகொண்டிருப்போம். எங்கள் ஸ்பிண்டில்கள் நிமிடத்துக்குப் பதினாறாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அவையும் எங்கேயும் போனதில்லை.

அந்த அறையில் ஈரப்பதம் மட்டும் எப்போதும் பக்குவமாக இருக்கும். நமக்காக அல்ல. காற்று காய்ந்தால் நூல் அறும், அதற்காக. சட்டை காயவே மாட்டேன் என்கிறது என்று யாராவது முறையிட்டால், "நூலுக்கு வேணுமல்லப்பா" என்பார் மேஸ்திரி. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒன்றுக்குப் போய்விட்டு வந்தால் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வருடக்கணக்கில் ஒருவர் இப்படிக் கடிகாரம் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், மனுஷனுக்கு விபரீதமான ஆசைகள் வரத்தான் செய்யும்.

எனக்கு வந்தது லாரி ஆசை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் பிறந்தவனுக்கு வேறென்ன வரும்? நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகளின் சுத்தியல் சத்தம் ஓயாது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் பூமியில் ஓட்டை போட்டுவிட்டு வருகின்றன. எங்கள் மில் கேட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கே டாரஸை ஓரங்கட்டிவிட்டு, தோளில் துண்டோடு இறங்குகிற டிரைவர் ஒரு டீயை அரைமணி நேரம் குடிப்பார். பக்கத்தில் நின்று யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மேஸ்திரி இல்லாத வேலை உலகத்தில் ஒன்றுதான் பாக்கி, அது இதுதான் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது.

வீட்டில் சொன்னேன். மாமியார் பதறிப்போய், "லாரி டிரைவருக்கெல்லாம் பொண்ணு குடுக்க மாட்டமுங்க" என்றார். நியாயமான வாதம்தான். ஆனால் அதை எடுத்து வைக்க வேண்டிய நேரம் கடந்து, பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய முறை பிற்பாடு வந்தது.

கோபத்தில் வேலையை விட்டுவிட்டு மறுநாளே லாரி ஓட்டப் போகிறவர்கள் சினிமாவில்தான் உண்டு. 1988-ஆம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டம் அப்படிப்பட்ட கோபத்துக்கு இடம் வைக்கவில்லை. கனரக வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் வேண்டுமென்றால், கையில் கார் ஓட்டும் உரிமம் இருக்க வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது வயதாகியிருக்க வேண்டும். என்னிடம் இருந்ததோ மொபெட் உரிமம். ஆக, கார் உரிமத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டு, அது வளர்கிற வரைக்கும் அதே மில்லில், அதே சைடில் நடந்தேன். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், நான் போகப்போகிற செய்தியை முதல் நாளே எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தேன். விடை பெறுவது ஒரு வருட காலம் நடந்தது. பகல் ஷிப்டில் "என்ன டிரைவரே, இன்னும் கிளம்பலையா?" என்பார்கள். நைட் ஷிப்டில் ஒருவன் ஹார்ன் அடித்துக் காட்டுவான். கேன்டீனில் எனக்கு மட்டும் டீ கொடுக்கும்போது "டோல்கேட் வந்திருச்சுங்ண்ணா" என்பான் பையன். மேஸ்திரி மட்டும் கேலி செய்யவில்லை. கடிகாரத்துக்குப் பதிலாக காலண்டரைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

உரிமம் ஒருவழியாக வயதுக்கு வந்தது. அடுத்து மருத்துவச் சான்று. சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று டாக்டர் சோதித்தார். பாபின் கலரைப் பார்த்தே நூல் என்ன கவுண்ட் என்று சொல்கிறவனிடம் இது ஒரு கேள்வியா? காதுதான் பயமாக இருந்தது. ரிங் ஃப்ரேம் ஓடுகிற இடத்தில் யாரும் காதால் கேட்பதில்லை. உதட்டைப் பார்த்து, கையைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். பேசினால் அடித்தொண்டையிலிருந்து கத்திப் பேசுவோம். டாக்டர் என் பெயரைக் கேட்டார், சொன்னேன். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மில்லுங்களா?" என்றார் டாக்டர், பேனாவை மூடிக்கொண்டே.

டிரைவிங் ஸ்கூலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விதிப்படி கனரக வண்டிக்கு 30 நாளுக்குக் குறையாத பயிற்சி. அதில் 15 மணி நேரமாவது வண்டியை ஓட்டியிருக்க வேண்டும். பயிற்சி வண்டியில் ஆசிரியருக்கும் தனியாக பிரேக், கிளட்ச் உண்டு. வண்டி ஒவ்வொரு தடவை நின்றபோதும், நிறுத்தியது நானா அவரா என்கிற கேள்விக்கு எங்களுக்குள் ஒத்த கருத்து ஏற்பட்டதேயில்லை. பேட்ஜ் கைக்கு வந்த அன்று எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று அரசாங்கம் நம்பியது. நான் நம்பவில்லை. லாரி வைத்திருந்த முதலாளிகளும் நம்பவில்லை.

அங்கேதான் மாமா வந்தார். மனைவிக்குச் சித்தப்பா, எனக்கு மாமா முறை. சங்ககிரிக்காரர் ஒருவரின் பன்னிரண்டு சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். கிளீனர் என்கிற இனம் அழிந்துபோன காலம் இது. டிரைவருக்கே ஆள் கிடைப்பதில்லை; கூட ஓட்ட ஒருவர் வந்தால் தேவலை என்று முதலாளியிடம் பேசி என்னைச் சேர்த்துக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வைத்த முதல் தேர்வு, ஸ்டியரிங்கிலும் இல்லை, கியரிலும் இல்லை.

"ரசம் வெக்கத் தெரியுங்களா, மாப்ள?"

லாரித் தொழிலின் ரகசியம் இதுதான். பெல்காம் தாண்டிவிட்டால் சப்பாத்தி ராஜ்யம். நம்மூர் டிரைவர்கள் அரிசி, புளி, பருப்பு, மிளகாய்ப்பொடி எல்லாம் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு, நிழல் கண்ட இடத்தில் அடுப்பைப் பற்றவைத்து ஆக்கித் தின்றுதான் இந்தியாவைச் சுற்றுகிறார்கள். புதிதாகச் சேர்கிறவனுக்கு முதலில் கரண்டி, அப்புறம்தான் கியர் ராடு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுடைய முறை வந்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. கல்யாணமானதிலிருந்து ஒரு டம்ளரைக்கூட எடுத்துக் கழுவாத ஆளுக்கு ரசம் கற்றுக்கொடுக்கக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவள் வீணாக்கவில்லை. டிரைவிங் ஸ்கூலில் இரட்டை பிரேக்காவது இருந்தது. இங்கே அதுவும் இல்லை. "கொதிக்க விடாதீங்க, நொரை கூடும்போதே எறக்கிருங்க" என்பதை நூறு தடவை கேட்டேன். கிளட்ச் பிடிபட்டதும் பெருங்காயத்தின் அளவு பிடிபட்டதும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில்தான். இரண்டிலும் கொஞ்சம் கூடிப்போனால் கூட இருப்பவர் முகம் சுளிப்பார்.

மாமாவிடம் ஓட்டக் கற்றுக்கொள்வதில் ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைத் திட்டக்கூடாது. பெண் கொடுத்த வீட்டார் "வாங்க, போங்க" என்றுதான் பேச வேண்டும். பன்னிரண்டு சக்கரமும் இருபது டன்னுக்கு மேல் லோடும் எதிர்த்தாற்போல் ஒரு பஸ்ஸும் இருக்கும்போதும் அந்த மரியாதையை மாமா விட்டதேயில்லை. "மாப்ள, அந்த பிரேக்கக் கொஞ்சம் தொடறீங்களா, இல்லீனா ரெண்டு பேருமே போய்ச் சேர்ந்தர்லாங்களா?" என்று நிதானமாகக் கேட்பார். எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாரோ அவ்வளவு ஆபத்து பக்கத்தில் இருக்கிறது என்று போகப்போகத் தெரிந்துகொண்டேன். ஒரு தடவை "தாங்கள்" என்று ஆரம்பித்தார்; நான் வாக்கியம் முடிகிற வரைக்கும் காத்திருக்கவில்லை, அழுத்திவிட்டேன்.

முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது, உள்வாங்கித்தான் வரும். அதனால் திருப்பத்தில் முன்னால் நீட்டி எடுத்துவிட்டு அப்புறம் ஒடிக்க வேண்டும். ஆர்.பி.எம். முள்ளை பச்சைப் பட்டைக்குள் வைத்திருந்தால் டீசல் மிச்சம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிளம்பக் கூடாது. டேங்கில் காற்று ஏறுகிற வரைக்கும் இருக்க வேண்டும், ஏறாவிட்டால் பிரேக் வண்டியை விடாது. இதெல்லாம் அவர் சொல்லித் தந்தது. ரிவர்ஸ் எடுப்பது மட்டும் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. மாமா பின்னால் நின்று "வரட்டும் வரட்டும்" என்று கத்துவது என்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. எனக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. கண்ணாடியில் அவர் விரல் அசைவது தெரிந்தால் போதும். மில்லில் கற்றதில் அங்கே விலை போனது இது ஒன்றுதான்.

இனி மேஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்குப் பெரும்பாலும் சேலத்து ஜவ்வரிசி லோடு, புனே பக்கம். மகாராஷ்டிரத்தில் விரத நாளில் அரிசி கோதுமை ஆகாது. ஜவ்வரிசியை ஊறவைத்து நிலக்கடலைப் பொடி போட்டுக் கிச்சடி பண்ணிச் சாப்பிடுவார்கள். ஆகவே நவராத்திரி நெருங்கினால் முதலாளிக்குக் கை கால் ஓடாது. "லேட்டானா விரதம் இருக்கறவங்கள பட்டினி போட்ட பாவம் நம்மளுக்கு வந்துரும்" என்பார். விரதம் இருக்கிறவர்களைப் பட்டினி போடுவது எப்படிப் பாவமாகும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிடுவார்.

அந்தப் போன்தான் மேஸ்திரி. வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. நின்றால் தெரியும், எங்கே நின்றது என்று தெரியும், எத்தனை நிமிடம் என்றும் தெரியும். போதாக்குறைக்கு 2021 பிப்ரவரியிலிருந்து எல்லா வண்டிக்கும் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒவ்வொரு டோல்கேட்டிலும் பணம் கழிகிற தகவல் முதலாளி செல்லுக்குப் போகிறது. மில்லில் கேட் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வருகையை ஒரு தடவை பதிந்தால் போதும். இங்கே சேலத்திலிருந்து புனே வரைக்கும் கேட் மாற்றிக் கேட்டாக வருகையைப் பதிந்துகொண்டே போகிறேன்.

"ஏனுங், தும்கூருக்கு முன்னால வண்டி நின்னுட்டே இருக்குதே?"

"ரசத்துக்குப் புளி ஊறோணுமல்லங்க" என்பார் மாமா.

இதில் வேடிக்கை, அரசாங்கம்தான் தாராளம். இ-வே பில்லில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கு. சேலம், புனே ஏறக்குறைய 1,050 கிலோமீட்டர். ஆறு நாள் கொடுக்கிறார்கள். ஆற அமர, வழியில் இரண்டு மூன்று கோயில் பார்த்துவிட்டே போகலாம். முதலாளி கொடுப்பது அதில் பாதிகூடக் கிடையாது. தொழிற்சாலைக்கு 1948-இல் ஒரு சட்டம், மோட்டார் தொழிலாளருக்கு 1961-இல் ஒரு சட்டம். இரண்டும் வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று 2025 நவம்பர் வரை ஒரே குரலில் சொல்லிவந்தன. மில்லில் அதைச் சங்கு ஊதி நினைவுபடுத்துவார்கள். ரோட்டில் சங்கு கிடையாது. மாமாவிடம் இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அதச் சொன்னவரு தார்ப்பாய் கட்டியிருக்காருங்களா?" என்றார்.

ஒரு முன்னேற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகிற லாரிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். சரக்குக்காக இல்லாமல் மனுஷனுக்காகக் காற்றைப் பதப்படுத்தச் சொல்லி என் வாழ்நாளில் வந்த முதல் உத்தரவு அது. எங்கள் வண்டி அதற்கு ரொம்ப முன்னால் பிறந்தது. நாங்கள் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்கிறோம்.

தொப்பூர் கணவாயில் முதன்முதலாக லோடோடு நான் இறங்கியது, மகாராஷ்டிரத்திலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பிய பயணத்தில். தர்மபுரி தாண்டி சேலம் வருகிறவர்களுக்கு அந்த இறக்கம் தெரியும். எத்தனையோ வண்டிகள் அங்கே கவிழ்ந்திருக்கின்றன. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது. வண்டியைப் பிடித்துக்கொள்ள என்ஜின் இல்லாமல், மொத்த பாரத்தையும் பிரேக்கே தாங்க வேண்டியிருக்கும். அழுத்தி அழுத்தி டிரம் காய்ந்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. "எந்த கியர்ல இதுல ஏறுவீங்களோ அதுலதான் எறங்கோணும், மாப்ள" என்றார் மாமா. மேலேயே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, இறங்க ஆரம்பித்தேன். என்ஜின் முனகிக்கொண்டே வண்டியைப் பின்னால் பிடித்தது. ஒரு டவுன் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம் ஒரு டிராக்டர்.

மாமாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங், வண்டி நடந்தா வருது? காலைல மண்டி கூடறதுக்குள்ள எறக்கோணும். யாருங்க ஓட்டறது?"

"நம்ம மாப்ளதானுங்க ஓட்டறாரு. தொப்பூர் எறக்கம்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"அப்படீன்னா இன்னுங் கொஞ்சம் மெதுவாவே வரச் சொல்லுங்க."