மன்னார்த் தீவில் மதிப்பும் மச்சமும்: ஒரு தேத்தண்ணிக்கடை ஆய்வு

பள்ளிமுனைப் பெருக்கமரத்தின் சுற்றளவை அளந்தவர்கள் இருக்கிறார்கள். மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதைகளை எண்ணியவர்கள் இருக்கிறார்கள். வங்காலைப் பக்கம் வந்திறங்கும் பூநாரைகளைப் பார்ப்பதற்காகத் தொலைநோக்கியோடு சேற்றில் நின்றவர்களும் உண்டு. ஆனால் மீன், இறைச்சி, முட்டை, பால், நெய், தேன் ஆகிய ஆறையும் விலக்கிய ஒருவர் இந்தத் தீவில் அதிகம் செலவழிக்காமல் வாய்க்கு ருசியாகச் சாப்பிட முடியுமா என்பதை முறைப்படி ஆராய முன்வந்த அறிஞரை நான் காணவில்லை. பட்டம் கிடைக்காத துறை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இந்த ஆறையும் விலக்கும் கொள்கைக்கு வீகன் என்று பெயர் வைத்து 1944 நவம்பரில் இங்கிலாந்தில் சங்கம் தொடங்கியவர்களில் முதன்மையானவர் டொனால்ட் வாட்சன்; தச்சுவேலை படிப்பித்த ஆசிரியர். உலகப்போர் முடியாத காலம், ரேசன் முறை, அவர் ஊரில் தென்னைமரமும் இல்லை. கடைசிக் குறைதான் பெரியது. பசுப்பாலை விட்டால் வேறு பாலுக்கு எங்கே போவது என்று ஐரோப்பியர் இன்றுவரை பாதாமையும் ஓட்ஸையும் பிழிந்துகொண்டிருக்கிறார்கள். மன்னாரில் அந்தப் பிரச்சினை திருவலையில் குந்தியிருந்தபடியே தீர்க்கப்பட்டு எத்தனையோ தலைமுறையாகிவிட்டது. சொதியில் விடுவது தேங்காய்ப்பால். கத்தரிக்காய்ப் பால்கறியில் இருப்பதும் அதுதான். பால் அப்பத்தின் நடுவில் மெத்தென்று வெந்து நிற்பதும் அதுதான். முதற்பால், இரண்டாம்பால் என்று தரம் பிரித்து எந்தப் பால் எப்போது சட்டிக்குள் போக வேண்டும் என்று விதி வகுத்த சமையல் இது. மாட்டை யாரும் கலந்தாலோசிக்கவில்லை.

அப்படியானால் வீகனுக்கு மன்னார் சொர்க்கமாக அல்லவா இருக்க வேண்டும்? இருக்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையே இவ்வாய்வின் கருதுகோள்: ஒருவருக்கு வைக்கப்படும் சாப்பாட்டில் மிருகப் பொருளின் அளவு, வைப்பவர் அவர்மேல் கொண்டுள்ள மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இதை மதிப்பு விதி என்போம்.

சான்றுகள் வீட்டு முற்றத்திலேயே தொடங்குகின்றன. வேலி அடைக்க வந்தவருக்குப் பிளேன்டீ, கையில் ஒரு துண்டு பனங்கட்டி, முழு வீகன். வட்டிக்காசு பற்றிப் பேச வந்தவருக்குப் பால்மாத் தேத்தண்ணி. சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு நெஸ்டமோல்ட், தட்டில் கேக். கல்யாணம் சரிவந்தபின் அதே ஆட்களுக்குக் கோழிக்கறி. கோயில் குருவோ பங்குச் சாமியாரோ வந்தால் அவரவர் மரபுக்கேற்ப நெய்யோ நண்டோ உச்சத்தைத் தொடும். மரியாதை கூடக் கூட மாடும் கோழியும் கடலும் வந்து சேரும். ஆகவே மலிவாகவும் சுத்தமாகவும் வீகன் உணவு கிடைக்க வேண்டுமானால், உங்களை ஒருவரும் ஒரு பொருட்டாக நினைக்கக் கூடாது. சமுதாயத்தில் முன்னேறியவர்களுக்கு இத்துறையில் இடமில்லை.

கொள்கையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். சொல்லலாம். "ஏன் தம்பி, ஏதும் வருத்தமோ?" என்றுதான் முதற்கேள்வி வரும். மீனை விடுவதற்கு எங்கள் பகுதியில் ஏற்கப்பட்ட காரணங்கள் மூன்று: டொக்டர் சொன்னது, நேர்த்தி வைத்தது, வீட்டில் சாவு. உயிர்களிடத்து இரக்கம் இந்தப் பட்டியலில் இன்னும் சேரவில்லை. விரதம் என்று சொன்னால் மீன் போய்விடும், அதன் இடத்துக்குத் தயிரும் நெய்யும் வரும். கொலஸ்ட்ரோல் என்பது ஆற்றல் மிக்க சொல்தான்; ஒரே அடியில் முட்டையும் நெய்யும் பாலும் விழும், ஆனால் கூடவே தேங்காய்ப்பாலும் விழுந்துவிடும். பிறகு தின்பதற்கு என்ன மிச்சம்?

இனிக் கடைக்குப் போவோம். பஸ் நிலையத்துப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளில் பலகாரத் தட்டை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்துவிடுவார்கள். தின்றதை எண்ணிக் காசு. தட்டில் உளுந்து வடை, கடலை வடை, முக்கோண ரொட்டி, றோல்ஸ், பணிஸ். வடைகள் இரண்டும் குற்றமற்றவை. நேற்று அதே எண்ணெயில் இறால் வடை பொரிந்ததா என்பது தொல்லியல் துறைக்குரிய கேள்வி, நான் அதற்குள் இறங்கவில்லை. றோல்ஸை ரஸ்க் தூளில் புரட்டுமுன் எதில் தோய்த்தார்கள் என்பதுதான் நுட்பமான இடம். கொஞ்சம் பெயரெடுத்த கடை என்றால் முட்டையில் தோய்க்கும்; சிக்கனமான கடை கோதுமை மாக் கரைசலோடு நிறுத்திக்கொள்ளும். மதிப்பு விதி கடைகளுக்கும் பொருந்துகிறது.

முக்கோண ரொட்டி விடயத்தில் உரையாடல் அவசியம்.

"அண்ணை, இதுக்குள்ள என்ன?"

"மரக்கறி ரொட்டி."

"மீன் கீன் ஒண்டும் இல்லையே?"

"சீ, முழுக்க மரக்கறிதான் தம்பி." இரண்டு மேசை தள்ளிப் போய், வாளியை வைத்துவிட்டு, திரும்பிப் பார்த்து: "வாசத்துக்குக் கொஞ்சம் மாசி போட்டது."

இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. மீன் என்பது தலையும் வாலும் பெயரும் உள்ளது: பாரை, விளை, அறக்குளா. கூடையில் கிடக்கும், விலை பேசலாம். மாசியோ சூரை மீனை அவித்து, புகைபோட்டு, மரக்கட்டை போல் காயவைத்தது. உரலில் இடிபட்டுச் சீரகத்துக்குப் பக்கத்துப் போத்தலில் குடியேறிய பிறகு அது மீன் சாதியை விட்டுச் சரக்குச் சாதிக்கு மாறிவிடுகிறது. 14ஆம் நூற்றாண்டில் மாலைதீவில் காதியாக இருந்த இபின் பதூதா, இந்த மீனைத் துண்டுபோட்டு அவித்துப் புகையில் உலர்த்தி இந்தியா, சீனா, யேமன் வரை அனுப்பியதை எழுதிவைத்திருக்கிறார். அவ்வளவு தூரம் போன பொருள் பக்கத்திலிருக்கும் எங்கள் சீனிச் சம்பலுக்குள் வராமலா போகும்? கண்ணுக்குத் தெரியாத மீன் மீனல்ல என்பதை இரண்டாம் விதியாக வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் விதிக்கு நிதி போதவில்லை.

மத்தியானச் சோறு இதைவிடச் சிக்கலானது. மரக்கறிச் சோறு என்று கேட்டால் நாட்டரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய், ஒரு கீரை, சம்பல், பப்படம் எல்லாம் வரும். மீன் சோற்றைவிட விலையும் குறைவு, பருப்பு இரண்டாம் தரமும் கிடைக்கும். ஓரத்தில் கருகலாக ஒரு மோர்மிளகாய் இருக்கும். பெயரிலேயே மோரை வைத்துக்கொண்டும் அது எவர் கண்ணிலும் படுவதில்லை. இவற்றைச் சமாளித்து நிமிரும்போது சட்டியும் கரண்டியுமாக ஒருவர் வந்து நிற்பார். "குழம்பு கொஞ்சம் விடட்டோ? மீன் இல்லை, குழம்பு மட்டும்." வெறும் பருப்போடு ஒரு மனிதன் சோறு தின்பதைப் பார்க்கப் பொறுக்காத நல்ல மனம் அது. காசும் வாங்க மாட்டார். இந்த இலவசக் குழம்பைப்போல வீகன் கொள்கையைச் சோதிக்கும் சக்தி எந்தத் தத்துவ எதிரிக்கும் இல்லை.

சமயங்கள் உதவுமா என்று பார்த்தேன். கத்தோலிக்கர் நிறைந்த மாவட்டம். வெள்ளிக்கிழமைச் சுத்தபோசனம் உண்டு. அதில் விலக்கானது இறைச்சி மட்டும். மீன் அன்றைக்குத்தான் கூடுதலாக ஓடும். பெருநிலத்தில், தீவுக்கு எதிரே, திருக்கேதீச்சரம். சிவராத்திரிக்கு வருகிற கூட்டத்துக்கு மடங்களில் கிடைக்கும் அன்னதானத்தில் மச்சத்தின் நிழலும் படாது. பாயசத்திலும் மோரிலும் பசு மட்டும் தங்கிநிற்கும். நோன்புக் கஞ்சியைத் தேங்காய்ப்பாலில் இறைச்சியில்லாமல் காய்ச்சுகிற பள்ளிவாசலும் உண்டு, இறைச்சி போடுகிற பள்ளிவாசலும் உண்டு. வரிசையில் நிற்குமுன் விசாரிப்பது நல்லது. திருக்கேதீச்சரத்துக்கு அருகே பழைய துறைமுகமான மாந்தையை அகழ்ந்தவர்கள் நெல்லும் சில மிளகும் ஒரேயொரு கராம்பும் கண்டெடுத்தார்கள். கராம்பு கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. இவற்றைக் கொண்டு மரக்கறிச் சோறு மாந்தையிலேயே தொடங்கியது என்று நிறுவ விரும்புகிறேன். அந்தக் காலத்து மீன்முள்களைப் பற்றி இக்கட்டுரை பேசாது.

கடையில் வாங்கி அவசரத்துக்குச் சமைக்கும் பொதிகளில் தலையானது சோயாமீற். கொதிநீரில் ஊறவைத்துப் பிழிந்தால் கறிக்கு ஆயத்தம். கோழிச் சுவை, இறால் சுவை, கணவாய்ச் சுவை என்று விற்கிறார்கள். கணவாய்ச் சுவையுள்ள சோயாவைக் கணவாய் துள்ளும் பேசாலைக் கரையில் இருந்துகொண்டு சமைக்கிற அனுபவம் உலகில் அதிகம் பேருக்குக் கிட்டாது. சுவைத்தூள் உறையின் பொடி எழுத்தை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டும். சோளம், அரிசி, சோயா, பயறு கலந்த சமபோஷாவைத் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்தால் அடுப்பே வேண்டாம். அதன் உறவுக்காரரைப் போல் தோன்றும் திரிபோஷாவில் பால்மா சேர்வதுண்டு. எல்லாவற்றிலும் மோசமான துரோகி, தேங்காய்ப்பால் மா. சில பக்கெற்றுகளில் மா கட்டிபடாமல் கரைய மாட்டுப்பாலின் புரதத்தைச் சேர்க்கிறார்கள். திருவலைக்குப் பஞ்சிப்பட்டவர் வீட்டுச் சொதிக்குள் பசு இப்படித்தான் பின்கதவால் நுழைகிறது.

உண்மையான செல்வம் பனையடியில் கிடக்கிறது. பனம்பழம் விழும் காலத்தில் பழத்தைச் சுட்டோ அவித்தோ பிசைந்து களி எடுத்து, சீனியோடு காய்ச்சி, கோதுமை மாவில் குழைத்து, விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போடுவார்கள். ஒன்றுபோல் இன்னொன்று இராது. ஒன்றுக்கு வால், ஒன்றுக்குக் கொம்பு. மேலே கருஞ்சிவப்பாய் மொறுமொறுப்பு, உள்ளே களியின் இலேசான கசப்போடு இனிப்பு. தாளில் சுற்றித் தந்தால் எண்ணெய் ஊறி, எழுத்துகள் மறுபக்கம் தெரியும். இந்தப் பனங்காய்ப் பணியாரத்தில் முட்டையில்லை, பாலில்லை, நெய்யில்லை, விலையும் சில்லறைதான். அதனாலேயே அதை விருந்தாளிக்கு வைக்கக் கூச்சப்படுகிறார்கள். நீங்கள் வந்திருக்கும்போது அது குசினிக்குள் மூடிக் கிடக்கும், உங்கள் முன் பட்டர் கேக் வரும். பினாட்டுக்கும் புழுக்கொடியலுக்கும் இதே கதி. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இவற்றுக்காகப் பாடுபட்டு வருகிறது, வரவேற்பறை மேசையை இன்னும் பிடிக்க முடியவில்லை. ஒடியற்கூழ் மட்டும் விதிவிலக்கு: நண்டு, இறால், மீன்தலை போட்டால் பெருமைக்குரியது, அவை இல்லாமல் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, புளியோடு காய்ச்சினால் சைவக்கூழ். பிளாவில் வாங்கி மூக்கு ஒழுகக் குடித்துவிட்டு, இதில் என்ன குறை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

கருதுகோளைச் சோதிக்க நாடே ஒருமுறை ஆய்வுகூடமாகியது. பொருளாதாரம் சரிந்த 2022இல் இறக்குமதிப் பால்மா கடைகளில் இல்லாமற்போனது. மார்ச்சில் பால் தேத்தண்ணி ஒரு கோப்பை 100 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதிகாரிக்கும் வேலியடைப்பவருக்கும் ஒரே பிளேன்டீ. மதிப்பு விதி அந்த மாதங்களில் செயலிழந்தது. மரியாதையைக் காட்ட வழியில்லாமல் வீட்டுக்காரர்கள் தத்தளித்தார்கள், சிலர் சீனியை இரட்டிப்பாக்கினார்கள். பால்மா திரும்பி வந்த அன்றே விதியும் திரும்பி வந்தது.

பெருக்கமரத்துக்கு மீள்வதாக இருந்தால், அதன் பழத்தின் உலர்ந்த சதையை 2008இல் ஐரோப்பிய ஒன்றியம் உணவாக அனுமதித்தது. அந்தப் புளிப்புத் தூளை அங்குள்ள வீகன்கள் நல்ல விலை கொடுத்துப் பழச்சாற்றில் கலந்து குடிக்கிறார்கள். அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் மரங்கள் மன்னாரில் நிற்கின்றன. அதை இறக்குமதிப் பொதியில் அடைத்து விலைச்சீட்டு ஒட்டினால் சம்பந்திக்கும் வைக்கலாம் என்பது என் துணிபு.

செய்முறையாளருக்கு ஒரு குறிப்பு மிச்சமிருக்கிறது. பஸ்ஸில் வந்து இறங்குங்கள், தனியாக வாருங்கள், கதவோரம் உட்காருங்கள். பிளேன்டீ, கடலை வடை, இடியப்பமும் சொதியும் என்று வாழ்க்கை சீராக ஓடும். ஆபத்து, கடைக்காரர் முகம் பழகுவதில் இருக்கிறது. "தம்பி வாங்கோ" என்று ஒருநாள் எழுந்து நின்று கூப்பிடுவார். அடுத்தநாள் கேளாமலே பால் தேத்தண்ணி வரும், ரொட்டிக்குள் முட்டை வரும். அன்றே கடையை மாற்ற வேண்டும். கடலுக்கு அக்கரையில், இந்தியப் பட்டினங்களில் 2022 முதல் வீகன் பொதிகளுக்குத் தனி இலச்சினையே விதித்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கவலையில்லை. இங்கே மன்னார் பசாரில் கடைகள் தீர்ந்தால் எருக்கலம்பிட்டி, அதுவும் பழகிவிட்டால் பேசாலை, பிறகு தலைமன்னார். அதற்கப்பால் ஆதாம் பாலத்து மணற்திட்டுகள். அங்கே இன்னும் ஒருவரும் கடை போடவில்லை.