மலையேறிய பள்ளியும் மலையிறங்கிய பிள்ளைகளும்

படிப்புக்காகக் குடும்பங்கள் மலையேறிய காலம் ஒன்று உண்டு. இப்போது கொடைக்கானலில் தை பிறந்துவிட்டால், எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் சென்னையில் எந்தப் பள்ளி, கோவையில் எந்தப் பள்ளி, எல்.கே.ஜி.க்கு அப்ளிகேஷன் எப்போது கொடுக்கிறார்கள், வேன் தெருமுனைக்கு வருமா என்றே பேச்சு ஓடுகிறது. அதைக் கேட்கும்போதெல்லாம், பாதை போடாத அந்நாளில் பெரியகுளம் பக்கமிருந்து டோலியில் தூக்கி வரப்பட்ட வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் பற்றி என் பாட்டனார் சொன்னதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பித்து வந்து, 1845-இல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். உடம்பைக் காப்பாற்ற மலை கிடைத்தது. பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் வழியில்லை. சின்ன வயதிலேயே கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு, ஆண்டுக்கணக்கில் முகம் பாராமல் இருந்தார்கள். அந்தப் பிரிவு தாங்காமல்தான் 1901-இல் ஹைகிளர்க் என்ற பழைய ஹோட்டல் கட்டடத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். ஏழு ரோடு சந்திப்பில் இன்று கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல் என்று நிற்பது அதுதான். அதே மிஷன் 1881-இல் பசுமலையில் தொடங்கிய கல்லூரி பிறகு மதுரை நகருக்குள் வந்து, அமெரிக்கன் கல்லூரியாகச் செங்கல் சிவப்பில் எழுந்து நின்றது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மேலே ஏறி வர, எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கீழே இறங்கிப் போக, இரு கூட்டமும் ஒரே மலைப்பாதையில் எதிரெதிரே கடந்துகொண்டிருந்த காலம் அது.

அப்படி இறங்கியவர்களில் நானும் ஒருவன். பூம்பாறைப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே ஒரே ஒரு பள்ளி. எந்தப் பள்ளி என்ற கேள்வியை எங்கள் அப்பாவோ அம்மாவோ ஒருநாளும் கேட்டதாக நினைவில்லை. கால் எட்டும் தூரத்தில் எது இருந்ததோ அது. உங்கள் ஊரிலும் அப்படித்தானே இருந்திருக்கும்? அதை முடித்ததும் நாயுடுபுரத்தில் அத்தை வீட்டில் தங்கி, கொடைக்கானலில் உயர்நிலைப் பள்ளி. பெரிய மாற்றம் என்று சொன்னால் அத்தை வீட்டுக் கும்முட்டி அடுப்புதான்: ஆடி மாதத்துச் சாரலில் நனைந்த சட்டையை இரவெல்லாம் அதைச் சுற்றிக் காயப் போடுவாள், காலையில் சட்டை காய்ந்திருக்கும், ஆனால் கரிப்புகை வாசத்தோடு, வகுப்பில் நாற்பது பேர் மேலும் அதே வாசம் வந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை.

ஜன்னல் வழியாக மேகம் வகுப்புக்குள் நுழையும். கரும்பலகை மங்கும், பிறகு வாத்தியார் மங்குவார், அவர் குரல் மட்டும் பானிப்பட்டுப் போரைத் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் பெஞ்சுக்கு அடியில் பேரிக்காய் கைமாறும். கொடுத்தவன் பங்களாத் தோட்டக்காரர் மகன். வாங்கியவன் தபால் ஆபீஸ் குமாஸ்தா மகன். அதைக் கடித்து மிச்சத்தை என்னிடம் தள்ளியவன் ஏரிக்கரையில் குதிரை ஓட்டுபவரின் மகன். கேரட் வயல்காரன் பிள்ளையும் முனிசிபாலிட்டித் துப்புரவுப் பணியாளர் பிள்ளையும் அதே பெஞ்சில் இருந்தார்கள். யாரும் திட்டமிட்டு எங்களை அப்படி உட்கார வைக்கவில்லை. வேறு பள்ளிக்குப் போக எங்களுக்கு வழியில்லாததால் சேர்ந்து உட்கார்ந்தோம். இத்தனை ஆண்டு கழித்தும், நான் பெற்ற கல்வியில் பாதி அந்தப் பெஞ்சில் வந்ததுதான் என்று நம்புகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பி.யு.சி. படிக்க 1976-இல் மதுரைக்கு இறங்கினேன். டிரங்குப் பெட்டியைப் பஸ் கூரையில் கட்டினார்கள். பெருமாள்மலையில் டீ, ஊத்தில் ஒரு நிறுத்தம், டம்டம் பாறையருகே திரும்பும்போது எதிர்மலையில் எலிவால் அருவி வெள்ளைக் கோடாகத் தெரிந்து மறைந்தது. வத்தலக்குண்டில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். அதே 1976-இல்தான் ஏழு ரோட்டுப் பள்ளியில் இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்ற ஐ.பி. படிப்பு தொடங்கியது, இந்தியாவிலேயே முதல் பள்ளி அது. அந்த வாசல் வழியாகத்தான் தினமும் நடந்தோம், உள்ளே நடந்தது எங்கள் காதுக்கு எட்டவில்லை. இன்று சென்னைப் புறநகரில் புதிதாக முளைக்கும் ஒவ்வொரு பெரிய பள்ளியும் பலகையில் கொட்டை எழுத்தில் போடும் அந்த இரண்டு எழுத்து, எங்கள் மலையிலிருந்து கீழே இறங்கிப் போனது. லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி அதைத் தேடுபவர்களில் எங்கள் மலைப் பிள்ளைகளும் உண்டு.

எல்லாம் அன்றே நன்றாக இருந்தது என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. காரணம் என் அக்கா. கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றாள். மலையில் அவளுக்குக் கல்லூரி இல்லை. மதுரையில் லேடி டோக் 1948-லிருந்தும் பாத்திமா 1953-லிருந்தும் இருந்தன, ஆனால் பெண்ணைத் தனியாகக் கீழே அனுப்ப வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை, விடுதிக்குக் கட்டப் பணமும் இல்லை. இருந்த பணம் எனக்கு வந்தது. 1984-இல் கொடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வந்தபோது அவள் இடுப்பில் குழந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வந்து அங்கே எம்.ஏ. முடித்தாள். பட்டமளிப்பு அன்று அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, அட்டுவம்பட்டி வளாகத்தில் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தாள். இப்போது அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. திண்டுக்கல்லில் 2022-இல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ இடங்களில் ஏழரை சதவீதம் உண்டு. இதில் எதையும் நான் குறைத்துப் பேசமாட்டேன்.

பொறியியல் கவுன்சலிங்குக்கு அந்நாளில் குடும்பமே சென்னைக்குக் கிளம்பும். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்து, ஒரு கூடைப் பிளம்ஸோடு போய் இறங்கி, மறுநாள் கிண்டியில் பெரிய திரையில் இடங்கள் ஒவ்வொன்றாகக் குறைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். 2018 முதல் அது ஆன்லைனில் நடக்கிறது. பஸ் செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம், நல்லதுதான். ஆனாலும் அந்தத் தூரத்துச் சொந்தக்காரர் இப்போது நிஜமாகவே தூரமாகிவிட்டார்.

என் மகனும் மருமகளும் வரும் ஜூனில் சென்னைக்குக் குடிபோகிறார்கள். மருமகள் போனில் கேட்கிறாள்: “மாமா, பாப்பாவுக்கு ஸ்டேட் போர்டா, சிபிஎஸ்இயா, ஐ.பி.யா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.” எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சமச்சீர் கல்வி வந்தபின் அரசுப் பள்ளிக்கும் மெட்ரிகுலேஷனுக்கும் பாடப்புத்தகம் ஒன்றே, பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். மாற்றலாகிக்கொண்டே இருக்கும் வேலையானால் சிபிஎஸ்இ கைகொடுக்கும், எந்த மாநிலத்துக்குப் போனாலும் தொடரலாம். ஐ.பி.யில் சேர்ப்பதானால் பிறகு எங்கே கல்லூரி என்று இப்போதே யோசிக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் இருபத்தைந்து சதவீத இடம் கேட்பவர்களுக்கு வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதால், அந்த வழி வேண்டுமானால் முகவரிதான் முதல். கல்லூரி என்று வரும்போது சென்னையை மட்டும் பார்க்காதே, சின்னாளப்பட்டி பக்கத்தில் 1956-லிருந்து காந்திகிராமம் இருக்கிறது, மத்திய அரசு நிதியில் நடப்பது, கட்டணம் குறைவு என்றும் சொல்லிவைத்தேன். பாப்பாவுக்கு அதற்கு இன்னும் பல வருடம் இருக்கிறது என்று அவள் சிரித்தாள்.

பிறகு நான் உண்மையில் சொல்ல நினைத்ததைச் சொன்னேன். “பள்ளியை முதலில் பாரும்மா, வீட்டை அப்புறம் பாரு. பாப்பா நடந்து போகிற தூரமா இருக்கட்டும். ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து பேசினால் ஒன்றும் தெரியாது. பள்ளி விடுகிற நேரத்துக்குப் போய் வாசலில் நில்லு. யார் யார் பிள்ளைகள் வெளியே வருகிறார்கள், யாரோடு யார் சேர்ந்து நடக்கிறார்கள் என்று பாரு.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். தாம்பரம் பக்கம் பார்த்திருக்கும் வீட்டுக்கு அடுத்த தெருவிலேயே ஓர் அரசுப் பள்ளி இருப்பதாகவும், இதுவரை அதை எண்ணிப் பார்க்கவே இல்லை என்றும் சொன்னாள். வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிற அன்றைக்கு, சாயங்காலம் நாலு மணிக்கு, அந்த வாசலிலும் நின்று பார்த்துவிட்டுப் போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.